அளவுகோல் ஊருக்கு, சாவி யாருக்கு?

"பெட்டி வந்துவிட்டதா?"

கொட்டகை வாயிலிலே ஒரு காலத்தில் எழுந்த முதற் கேள்வி இதுதான். பேருந்தின் கூரையிலே, சைக்கிளின் பின்னாலே, தகரப் பெட்டிகளிலே படம் வரும். ஒரே பிரதியை இரண்டு கொட்டகைக்காரர்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே முதற் சுருள் ஓடி முடிந்ததும், அதைச் சுமந்துகொண்டு அடுத்த கொட்டகைக்குச் சைக்கிள் பறக்கும். வழியிலே டயர் வெடித்தால், அங்கே கதாநாயகன் பாதி வசனத்தோடு நிற்பான். சீழ்க்கை வானைப் பிளக்கும். தொல்லைதான். எனினும் அது கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. ஏன் தாமதம் என்று கேட்டால், வெடித்த டயரைக் காட்ட முடியும்.

இன்று பெட்டி இல்லை. சுருள் இல்லை. சைக்கிளும் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது, உருமாறி இருக்கிறது.

"சாவி வந்துவிட்டதா?"

அண்மையிலே ஒரு புதுப்பட நாளன்று, சிற்றூர்க் கொட்டகை ஒன்றின் இயந்திர அறைக்கு ஏறிச் சென்றோம். காலை ஒன்பது மணிக் காட்சி. மணி பத்தாகிவிட்டது. கீழே கூட்டம் கொதிக்கிறது. சீட்டு வாங்கியவன் கத்துகிறான்; முறுக்கு விற்கும் பையன் திகைக்கிறான்; மேனேஜர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த அறையிலே நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுபோன ஆப்பரேட்டர், நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"படம் உள்ளேதாங்க இருக்கு. நேத்து ராத்திரியே ஏத்திட்டேன். விளக்கும் சரியா இருக்கு, சவுண்டும் சரியா இருக்கு. சாவிதாங்க வரலே. எங்கேயோ யாருக்கோ கணக்குத் தீரலையாம்."

கேட்டீர்களா தோழர்களே! படம் கொட்டகைக்குள்ளே இருக்கிறது. இயந்திரம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், ஆப்பரேட்டர் இருக்கிறார். ஆனால் காட்சி இல்லை! எங்கோ ஓர் அறையிலே, எவரோ ஒருவர், பொத்தானை அழுத்தவில்லை. ஆகவே இங்கே ஓர் ஊரே காத்திருக்கிறது!

பத்தரை மணிக்கு வந்தது சாவி. மின்னஞ்சலிலே வந்தது. ஓடியது படம். கூட்டம் அத்தனையும் மறந்து ஆர்ப்பரித்தது. நாம் மறக்கவில்லை. யார் செய்த பூட்டு இது? யாருக்காகச் செய்த பூட்டு? அந்தக் கதையைத்தான் இன்று கூற விழைகிறோம்.

* * *

நெல்லளக்கும் மரக்காலை எண்ணிப் பாருங்கள். கொடுக்க ஒரு மரக்கால், வாங்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணையார்களைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அளவு ஊருக்கு ஊர் மாறினால், ஆளுக்கு ஆள் மாறினால், ஏமாறுகிறவன் ஏழைதான். 1956-ஆம் ஆண்டிலே எடை அளவைச் சட்டம் வந்தது. நாடெங்கும் ஒரே கிலோ, ஒரே மீட்டர், ஒரே லிட்டர். அளவையின்மேல் அரசு முத்திரை. அந்த முத்திரையைக் குத்துகிறவர் நெல் வியாபாரி அல்லர் என்பதை மட்டும் மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தொழிலுக்கும் ஒரு மரக்கால் தேவைப்பட்டது. 1890-களின் தொடக்கத்திலே, அமெரிக்காவில் எடிசனுடைய பட்டறையில் பணிபுரிந்த டிக்சன் என்பார், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மில்லிமீட்டர் அகலச் சுருளை நெடுக இரண்டாகப் பிளந்தார். பிறந்தது 35 மில்லிமீட்டர் சுருள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக்கு நான்கு துளைகள். பிரான்சிலே லூமியர் சகோதரர்கள் வேறு வகையிலே துளையிட்டனர்; பக்கத்துக்கு ஒரே துளை, அதுவும் வட்டத் துளை. ஒருவர் சுருள் மற்றவர் இயந்திரத்திலே ஓடாது. படம் எடுக்கிறவனுக்கும் நட்டம், படம் காட்டுகிறவனுக்கும் நட்டம்.

1909-லே பாரிசில் கூடிய படத்தொழில் மாநாடு 35 மில்லிமீட்டர் அளவைப் பொது அளவாக ஏற்றது. விளைவு என்ன? சென்னையிலே கழுவிய சுருள் மதுரையிலே ஓடிற்று, மலேயாவிலே ஓடிற்று, மாஸ்கோவிலும் ஓடிற்று. எந்த மொழிப் படமாயினும், எந்த நாட்டு இயந்திரமாயினும், துளை பல்லோடு பொருந்திற்று. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்த அளவு நின்றது. பொது அளவு என்றால் அது! அளவு ஒன்றானால் வாயில் பலருக்குத் திறக்கிறது. ஆகவே, அளவை ஒன்றாக்குவதை எதிர்ப்பவர் அல்லர் நாம். இருகரம் நீட்டி வரவேற்பவர்.

ஆனால், அளவு பொதுவானவுடன் பூட்டுச் செய்யப் புறப்படுகிறவர்களும் உண்டு. அதையும் பாருங்கள்.

1908-ஆம் ஆண்டு டிசம்பரிலே எடிசனும் அவருடைய போட்டியாளர்களும் கைகோத்து அமெரிக்காவிலே ஒரு கூட்டு அமைத்தனர். காமிராவுக்கும் புரொஜெக்டருக்கும் உரிய காப்புரிமைகள் அத்தனையும் அந்தக் கூட்டின் மடியிலே. கொட்டகைக்காரர் புரொஜெக்டர் ஒன்றுக்கு வாரம் இரண்டு டாலர் கப்பம் கட்ட வேண்டும். இயந்திரத்தின் உடம்பிலேயே ஒரு தகடு அறைந்திருப்பார்கள்: இந்த இயந்திரத்திலே எங்கள் உரிமம் பெற்ற படத்தைத்தான் ஓட்டலாம்!

காசு கொடுத்து வாங்கியது கொட்டகைக்காரன். அதில் எந்தப் படம் ஓடலாம் என்று கட்டளையிடுவது விற்றவன்! மாட்டை விற்றுவிட்டு, "என் வயலைத்தான் உழ வேண்டும்" என்று கூறுவது போன்ற நியாயம் இது.

நின்றதா அந்த நியாயம்? 1915-லே கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் கூட்டு சட்டவிரோதம் என்று கூறிற்று. 1917-லே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தகட்டுக்கே தீர்ப்பு எழுதிற்று. இயந்திரத்தின் காப்புரிமையைக் காட்டி, அதிலே ஓடும் படத்தையும் கட்டிப்போட முடியாது என்றது. தகடு வீழ்ந்தது.

வீழ்ந்தது என்று நம்பியது உலகம். தகடு போனால் என்ன, தந்திரம் போகுமா?

* * *

1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம். 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படம் ஒன்று அமெரிக்காவிலே நான்கே நான்கு திரைகளில் சுருள் இல்லாமல் ஒளிர்ந்தது. இரண்டு திரைகளில் ஒரு வகைக் கருவி, மற்ற இரண்டில் வேறு வகைக் கருவி. பிறந்த அன்றைக்கே இரண்டு மரக்கால்! இப்படியே விட்டால், கம்பெனிக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு படம் என்று ஆகிவிடும். லூமியர் துளையும் எடிசன் துளையும் மீண்டும் மோதும்.

இதை உணர்ந்து, 2002 மார்ச்சிலே ஹாலிவுட்டின் ஏழு பெரும் நிறுவனங்கள் ஒன்று கூடின. டிஸ்னி, ஃபாக்ஸ், எம்.ஜி.எம்., பாரமவுண்ட், சோனி, யுனிவர்சல், வார்னர் ஆகிய ஏழும் சேர்ந்து அமைத்ததற்கு டிஜிட்டல் சினிமா இனிஷியேட்டிவ்ஸ் என்று பெயர். சுருக்கமாக டி.சி.ஐ. மூன்றாண்டு ஆய்ந்தனர். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கத்தோடு சேர்ந்து, கருவிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு படமும் எடுத்தனர். 2005 ஜூலையிலே முதல் விதிநூல் வெளிவந்தது.

என்ன இருக்கிறது அதிலே? குறுக்கே 2048 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. அல்லது 4096-ம் 2160-ம். நொடிக்கு 24 படம். ஒவ்வொரு படமும் ஜேபெக் 2000 என்னும் முறையிலே சுருக்கப்பட வேண்டும். நொடிக்கு 25 கோடி பிட்டுக்கு மேல் போகலாகாது. படம், ஒலி, எதன்பின் எது ஓடும் என்கிற பட்டியல், எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலம் எந்தக் கம்பெனியின் கருவியிலும் ஓட வேண்டும். அமெரிக்காவின் படத்தொழில் பொறியாளர் சங்கம் இதையே தொழிலின் பொது விதிகளாக வகுத்தது. டி.சி.ஐ. விதிநூலை எவரும் காசின்றிப் பெற்றுப் படிக்கலாம்.

நல்லது. மிக நல்லது. பாராட்ட வேண்டியதைப் பாராட்ட நமக்குத் தயக்கமில்லை. பாரிஸ் மாநாடு சுருளுக்குச் செய்ததை, இந்த விதிநூல் சுருளில்லாப் படத்துக்குச் செய்தது.

ஆனால் பாரிஸ் அளவிலே இல்லாத ஒன்று இதிலே இருக்கிறது. அதுதான் பூட்டு!

பொட்டலம் பூட்டப்பட்டே வரும். அதைத் திறக்க ஒரு சாவி. தொழிலிலே கே.டி.எம். என்பார்கள். அந்தச் சாவி இன்ன படத்துக்கு, இன்ன கருவிக்கு, இன்ன நாள் இன்ன மணியிலிருந்து இன்ன நாள் இன்ன மணி வரைக்கும் என்று எழுதப்பட்டது. ஒரு நிமிடம் முந்தினாலும் திறக்காது, ஒரு நிமிடம் பிந்தினாலும் திறக்காது. கருவி பழுதாகி உள்ளிருக்கும் பலகையை மாற்றினால், பழைய சாவி செல்லாது. புதுச் சாவிக்கு மறுபடியும் கையேந்த வேண்டும்.

"திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டாமா?" என்பர். வேண்டும். கோடிகளைக் கொட்டி, ஆயிரம் பேர் உழைத்து எடுத்த படத்தை ஒருவன் இரவோடு இரவாகத் திருடி விற்றால், வயிற்றில் அடிபடுவது முதலாளி மட்டுமல்ல. லைட் தூக்கியவனும், செட் போட்டவனும்தான். திருடனுக்குப் பூட்டு என்றால் நாமே திண்டுக்கல்லிலிருந்து வாங்கித் தருவோம்.

நாம் கேட்பது வேறு. அன்று காலை அந்தச் சிற்றூரிலே, பூட்டுக்கு வெளியே நின்றவன் திருடனா? சீட்டுக்குக் காசு கொடுத்த உழைப்பாளி! திருடனுக்கென்று செய்த பூட்டு, கடன்காரனை மடக்கும் பூட்டாக மாறியது எப்போது? இருவர் கணக்குக்கு ஓர் ஊரை ஈடு வைக்கும் உரிமையை எந்த விதிநூல் கொடுத்தது?

* * *

இனிப் பணத்தின் பாதையைப் பாருங்கள். சுருள் காலத்திலே, நூறு கொட்டகைக்கு நூறு பிரதி. ஒவ்வொன்றுக்கும் பல்லாயிரம் ரூபாய். அந்தச் செலவு படத்தை வெளியிடுபவருடையது. டிஜிட்டல் வந்ததும் அந்தச் செலவு சரிந்தது. மிச்சம் அவருக்கு. ஆனால் புதுக் கருவி வாங்க வேண்டியவர் யார்? கொட்டகைக்காரர். இலாபம் ஒருவருக்கு, செலவு மற்றவருக்கு! கொட்டகைக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். நியாயந்தானே?

அதற்கொரு சமரசம் கண்டனர் அமெரிக்காவிலே. பிரதிச் செலவு மிச்சப்படுகிறவர், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தொகை கட்டுவது. அந்தத் தொகை கருவியின் கடனை அடைப்பது. வி.பி.எஃப். என்று அதற்குப் பெயர். அதாவது, இல்லாத பிரதிக்குக் கட்டணம்! பெயர் வேடிக்கையானாலும் கருத்து நேர்மையானது, ஒரு நிபந்தனையோடு. கடன் தீர்ந்தால் கட்டணமும் தீர வேண்டும். அங்கே காலவரை வைத்துத்தான் ஒப்பந்தம் எழுதினர்.

நம் நாட்டிலே நடந்தது என்ன? ஹாலிவுட்டின் விதிப்படியான கருவியை வாங்க நம் சிற்றூர்க் கொட்டகைகளுக்கு வசதியில்லை. அதனிலும் மலிவான முறைகளை நம்மவர்களே ஆக்கினர். 2005 முதல் யூ.எஃப்.ஓ. நிறுவனம் செயற்கைக்கோள் வழியே படம் அனுப்பியது. சென்னையிலே பிறந்த கியூப் நிறுவனம் செய்த கருவி கடல் கடந்தும் சென்றது. நம் பொறியாளரின் திறமை அது; பெருமைப்படுகிறோம். பெருநகரமும் சிற்றூரும் ஒரே நாளிலே புதுப்படம் காண முடிந்ததும் இதனாலேதான். பட்டணத்திலே ஓடித் தேய்ந்து, கோடு விழுந்து, மழை பெய்வதுபோலத் தெரியும் பழம் பிரதிதான் கிராமத்தானுக்கு என்ற இழிநிலை ஒழிந்தது. இதை மறைப்பது நன்றியன்று.

ஆனால் இந்த மலிவு முறைகளிலே பொது மரக்கால் இல்லை. கருவி கம்பெனியுடையது, முறை கம்பெனியுடையது, சாவியும் கம்பெனியுடையது. கட்டணமோ, ஆண்டுகள் உருண்டும் நின்றபாடில்லை. "கருவியின் விலை எப்போதோ தீர்ந்திருக்குமே, இன்னும் ஏன் கட்டுகிறோம்?" என்று படத் தயாரிப்பாளர்கள் கேட்டனர். 2018 மார்ச் முதல் நாளிலிருந்து தமிழகத்திலே புதுப்படம் வெளியாகவில்லை. மார்ச் நடுவிலே படப்பிடிப்பும் நின்றது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலே, அரசு முன்னிலையில் பேசிக் கட்டணத்தைக் குறைத்த பிறகே திரை ஒளிர்ந்தது.

ஒன்றரை மாதம்! முதலாளிகள் பேசினர், அறிக்கை விட்டனர், பேட்டி கொடுத்தனர். அந்த ஒன்றரை மாதத்திலே தினக்கூலி லைட்மேனுக்கு யார் சோறு போட்டது? கொட்டகை வாயிலிலே சுண்டல் விற்றவனுக்கு, சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டுக் கிழித்தவனுக்கு, எந்த ஒப்பந்தத்திலே எந்தப் பிரிவு பாதுகாப்புக் கொடுத்தது? யானைகள் மோதின, நசுங்கியது புல்.

சரி, உலக விதிப்படியான டி.சி.ஐ. கருவி வைத்திருந்தால் விடுதலை உண்டா? அதையும் கேளுங்கள். 2025 ஏப்ரலிலே இந்தியப் போட்டி ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. யூ.எஃப்.ஓ. தரப்பும் கியூப் தரப்பும், வாடகைக்குக் கொடுத்த டி.சி.ஐ. கருவிகளிலே பிறர் பதப்படுத்திக் கொடுக்கும் படத்தை ஓட்டவிடாதபடி ஒப்பந்தத்திலே கட்டுப்பாடு வைத்தது போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்று கூறி, இரு தரப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுக்குச் செல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. நாம் காட்ட விரும்புவது ஒற்றுமையை!

1917-லே இயந்திரத்தின்மேல் தகடு. நம் காலத்திலே ஒப்பந்தத்தாளில் ஒரு வரி. "எங்கள் படத்தைத்தான் ஓட்டு" என்றது தகடு. "எங்கள் வழியாக வரும் படத்தைத்தான் ஓட்டு" என்றது வரி. நூற்றெட்டு ஆண்டு இடைவெளி. கடல் கடந்த தூரம். வாசகம் மட்டும் ஒன்று!

விதிநூல் கூறுகிறது: எந்தப் பொட்டலமும் எந்தக் கருவியிலும் ஓடும் என்று. ஒப்பந்தம் கூறுகிறது: ஓடும், ஆனால் ஓட்டாதே என்று. விதிநூலிலே திறந்த கதவை, வாடகைச் சீட்டிலே சாத்திவிடுகிறார்கள். அளவு பொதுவானால் மட்டும் போதாது, அதைக் கையாளும் உரிமையும் பொதுவாக வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேதான்.

* * *

இவ்வளவு கணக்கிலும் ஒருவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவர்தான் ஆப்பரேட்டர்.

கார்பன் குச்சிகளின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து வெளிச்சத்தைக் காத்தவர். திரையின் மேல்மூலையில் புள்ளி மின்னியதும், அடுத்த இயந்திரத்துக்குத் தாவி, பார்ப்பவனுக்குத் தெரியாமல் சுருள் மாற்றியவர். அறுந்த சுருளை நொடியிலே ஒட்டியவர். உரிமம் பெற்ற தொழிலாளி. அவருடைய விரல்களிலே ஒரு கலை இருந்தது.

ஃபூஜி கம்பெனி 2013-லே திரையிடும் சுருள் தயாரிப்பை நிறுத்திற்று. பாரமவுண்ட் நிறுவனம் 2014 முதல் அமெரிக்காவிலே சுருளைக் கைவிட்டது. உலகெங்கும் இயந்திர அறையின் ஓசை அடங்கிற்று. ஆறு திரைக்கு ஒருவர், அவரும் கணிப்பொறியிலே பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற நிலை. எத்தனை விதிகள் எழுதினர்! புள்ளிக்கு விதி, வண்ணத்துக்கு விதி, ஒலிக்கு விதி, சாவிக்கு விதி. நூறாண்டு இந்த வெளிச்சத்தைக் காத்த கைகளுக்கு என்ன வழி என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினரா?

இயந்திரத்தைப் பழிக்கவில்லை நாம். சுருளைத் திரும்பக் கொண்டுவா என்று அழவும் இல்லை. ஆறு பின்னோக்கி ஓடாது. ஆற்றின் நீர் எல்லா வயலுக்கும் பாய வேண்டும், மடைச் சாவி ஒரு பண்ணையின் இடுப்பிலே தொங்கக்கூடாது என்பதே நம் வாதம்.

ஆகவே கேட்கிறோம்.

கருவியின் விலை எவ்வளவு, கடன் தீரும் நாள் எது என்பதை ஒப்பந்தத்தின் முதற் பக்கத்திலே எழுதுக. அந்த நாளோடு கட்டணம் ஒழிக.

திரையிடும் கருவி, "இது திருட்டுப் படமா?" என்று மட்டும் கேட்கட்டும். "யார் வழியாக வந்தாய்?" என்று கேட்கலாகாது.

வெளியீட்டு நாளுக்கு முதல் நாள் மாலைக்குள் சாவி கொட்டகைக்கு வந்தாக வேண்டும். முதலாளிகளின் வழக்கை முதலாளிகள் வேறிடத்திலே தீர்த்துக்கொள்ளட்டும். மக்களின் தலையிலே அல்ல.

இந்த நாட்டின் கொட்டகைகளுக்கு ஏற்ற அளவை வகுக்கும் மேசையிலே, பெரிய நிறுவனத்துக்கு ஒரு நாற்காலி என்றால், சிற்றூர்க் கொட்டகைக்கும் ஒரு நாற்காலி, சிறு தயாரிப்பாளருக்கும் ஒரு நாற்காலி, ஆப்பரேட்டருக்கும் ஒரு நாற்காலி. முத்திரை குத்தும் கை அரசின் கையாக இருக்கட்டும்.

புதுக் கருவியைப் பழுது பார்க்கும் பயிற்சி, பழைய ஆப்பரேட்டருக்கே முதலில். கார்பன் வெளிச்சத்தைக் கட்டி ஆண்டவருக்குக் கணிப்பொறி வசப்படாதா?

பேராசையா இது? மரக்காலின்மேல் நெல் வியாபாரியே முத்திரை குத்தலாகாது என்று கேட்பது பேராசை என்றால், ஆம், நாம் பேராசைக்காரர்கள்தாம்!

அன்று படியிறங்கும்போது, அந்த ஆப்பரேட்டரிடம் கேட்டோம்: "இத்தனை வருஷத்திலே எதுங்க கஷ்டம்? அந்தக் காலமா, இந்தக் காலமா?"

சிறிது நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "அப்போ படம் நின்னா, என்னாலே ஒட்ட முடிஞ்சுதுங்க."

தோழர்களே! அந்த ஒரு வாக்கியத்திலே அடங்கிவிட்டது நம் வழக்கு. ஒட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு எட்டும் இடத்திலே சாவி இருக்க வேண்டும். அதுவரை கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!